செகாவ் தேடிய வீடு

அந்தோன் செகாவை நம்மில் பலர் அறிந்துகொண்டது, மாஸ்கோவில் அச்சாகித் தமிழகத்துக்கு வந்துசேர்ந்த மலிவு விலை நூல்களின் வழியாகத்தான். ‘நாய்க்காரச் சீமாட்டி’யையும் ‘ஆறாவது வார்டை’யும் படித்துவிட்டு இரவெல்லாம் உறங்காதிருந்தவர்கள் நம் வட்டத்திலும் இருப்பார்கள். அவர் மருத்துவர் என்பதும், காசநோயால் 44 வயதில் மறைந்தார் என்பதும் எல்லோரும் அறிந்த செய்திகள். அதே வாழ்க்கையை வேறொரு பக்கத்திலிருந்தும் பார்க்கலாம். தமக்கென்று ஒரு வீடு வேண்டும் என்று இளமையிலிருந்தே ஏங்கிய மனிதர் அவர். அந்த வீடு கைக்கு எட்டியபோதெல்லாம் நோய் குறுக்கிட்டு இடத்தை மாற்றிக்கொண்டே இருந்தது. (இக்கட்டுரையில் வரும் ரஷ்ய நாட்கள் அக்காலத்துப் பழைய நாட்காட்டியின்படி அமைந்தவை.)

செகாவ் 1860 ஜனவரியில், அசோவ் கடற்கரையிலுள்ள தகன்ரோக் நகரில் பிறந்தார். அவருடைய பாட்டனார் யெகோர் பண்ணையடிமை. 3,500 ரூபிள் சேர்த்துக் கொடுத்து 1841இல் தம்மையும் தம் குடும்பத்தையும் மீட்டுக்கொண்டவர். வீடு என்ற சொல்லுக்கு நம் மொழியில் விடுதலை என்ற பொருளும் உண்டல்லவா? பண்ணையடிமையின் வழித்தோன்றல்களுக்குச் சொந்தக் கூரை என்பது அந்த இரண்டு பொருளையும் சேர்த்தே தந்திருக்க வேண்டும்.

தந்தை பாவெல் மளிகைக்கடை வைத்திருந்தார். பக்தி மிகுந்தவர், பிள்ளைகளை அடித்து வளர்த்தவர், வணிகத்தில் சாமர்த்தியம் இல்லாதவர். 1874இல் கடன் வாங்கிச் சொந்தமாக ஒரு வீடு கட்டினார். இரண்டே ஆண்டுகளில் கடை நொடித்தது. கடன்காரர் சிறைக்கு அஞ்சி 1876இல் யாருக்கும் தெரியாமல் ஊரைவிட்டு மாஸ்கோவுக்குப் போய்விட்டார். அந்த வீட்டில் குடியிருந்த செலிவானோவ் என்ற நீதிமன்ற ஊழியர் குடும்ப நண்பராகப் பழகியவர். 500 ரூபிள் கடனை அடைத்து வீட்டைத் தம் பெயருக்கு ஆக்கிக்கொண்டார். தாயும் இளைய பிள்ளைகளும் மாஸ்கோவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பள்ளிப் படிப்பை முடிப்பதற்காக 16 வயது அந்தோன் மட்டும் தகன்ரோக்கில் தங்கினார். எங்கே தங்கினார் என்பதுதான் நெஞ்சைத் தைக்கும் செய்தி. அதே வீட்டில், செலிவானோவின் மருமகனுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து, அதற்கு ஈடாகக் கிடைத்த மூலையில் தங்கினார். நேற்றுவரை தன் வீடாக இருந்ததில் இன்று ஒண்டிக்குடித்தனம். இவ்வாறு 3 ஆண்டுகள் கழிந்தன. அந்த வயதிலேயே, பாடம் சொல்லிப் பெற்ற காசில் ஒரு பகுதியை மாஸ்கோவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்.

1879இல் மாஸ்கோ சென்று மருத்துவக் கல்வியில் சேர்ந்தார். குடும்பம் ஈரம் கசியும் நிலவறைக் குடியிருப்பில் இருந்தது. அங்கிருந்து வேறொரு குடியிருப்பு, பிறகு இன்னொன்று என்று வாடகை வீடுகள் மாறிக்கொண்டே இருந்தன. நகைச்சுவை இதழ்களுக்கு வரிக்கு இத்தனை கோபெக் என்ற கணக்கில் துணுக்குகளும் கதைகளும் எழுதி வாடகை கொடுத்தார். தந்தை உயிரோடு இருக்கும்போதே குடும்பத் தலைவரானவர் அவர். 1884இல் மருத்துவரானார். அதே ஆண்டு டிசம்பரில் முதன்முறையாக இருமலில் இரத்தம் வந்தது.

இங்கே சற்று நிற்க வேண்டும். காசநோய்க் கிருமியை இராபர்ட் கோஹ் கண்டறிந்து அறிவித்த ஆண்டு 1882. அப்போது செகாவ் மருத்துவ மாணவர். சளியில் இரத்தம் என்றால் என்ன பொருள் என்பதை அவர் அறியாதிருந்தார் என்று யாரும் நம்ப முடியாது. ஆயினும் தொண்டையில் ஏதோ நரம்பு வெடித்திருக்கும் என்று நண்பர்களுக்குக் காரணம் சொன்னார். சக மருத்துவர் எவரும் தம் மார்பில் காது வைத்துக் கேட்க இடம் கொடுக்கவில்லை. தாய்க்கும் தங்கைக்கும் தெரியாமல் இரத்தத்தை மறைத்தார். 1889இல் ஓவியரான அண்ணன் நிக்கொலாய் இதே நோயால் அவர் கண்முன் மெலிந்து இறந்தபோதும் தம்மைச் சோதித்துக்கொள்ள அவர் முன்வரவில்லை. இதை மருத்துவர் ஒருவரின் பொறுப்பின்மை என்று குறைகூறுவோர் உண்டு. குறை உண்மைதான். ஆனால் அன்று அந்நோய்க்கு மருந்து கிடையாது. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டறியப்பட்டது 1943இல். 1884இல் ஒரு மருத்துவர் சொல்லியிருக்கக்கூடியது ஒன்றுதான்: வேலையை விட்டுவிட்டுத் தெற்கே போய் வெயிலில் கிட. அதைக் கேட்டிருந்தால் வாடகையை யார் கொடுத்திருப்பார்கள்? நோயை ஒப்புக்கொள்ளாமல் இருந்தது அவருக்குச் சில ஆண்டு உழைப்பைச் சம்பாதித்துத் தந்தது என்றே நான் கருதுகிறேன். அதற்கான விலையையும் அவரே கொடுத்தார்.

1890இல், அந்த உடம்போடுதான் சைபீரியா முழுவதையும் பெரும்பாலும் குதிரை வண்டியில் கடந்து, கைதிகள் தீவான சகலீனுக்குப் போனார். 3 மாதங்கள் தங்கிக் குடிசை குடிசையாகச் சென்று ஏறத்தாழ 10,000 பேரின் விவரங்களை அட்டைகளில் எழுதினார். திரும்பும் வழி கடல்வழி. ஹாங்காங், சிங்கப்பூர் தாண்டிக் கப்பல் கொழும்புக்கு வந்தது. நவம்பர் மாதம். ரயிலேறித் தீவின் உட்பகுதியைப் பார்த்தார். நரகத்தைக் கண்டு வந்தவருக்கு இலங்கை சொர்க்கமாகத் தோன்றியது. வீட்டில் வளர்க்கவென்று கீரிகளை வாங்கிக்கொண்டார். நமக்கு இன்னும் நெருக்கமான செய்தி ஒன்றுண்டு. ‘கூசெவ்’ என்ற கதையின் அடியில் அவர் இட்ட ஊர்ப்பெயர் கொழும்பு. கீழ்த்திசையில் பணி முடித்துத் தாய்நாடு திரும்பும் படைவீரன் ஒருவன் காசநோயாளியாகக் கப்பலின் நோயாளர் அறையில் கிடக்கிறான். பனி மூடிய தன் ஊரையும் வீட்டையும் காய்ச்சலில் காண்கிறான். வீடு போய்ச் சேராமலே இறக்க, பாய்த்துணியில் தைத்துக் கடலில் இறக்கிவிடுகிறார்கள். வரும் வழியில் கப்பலில் இறந்த இருவரைக் கடலில் விட்டதைச் செகாவ் நேரில் கண்டிருந்தார். எனினும் அக்கதையை எழுதியவர் 6 ஆண்டுகளாகத் தம் இரத்தத்தைக் கைக்குட்டையில் மறைத்துவந்தவர் என்பதை நினைத்துக்கொண்டு படித்தால், கூசெவ் அயலான் அல்லன் என்பது விளங்கும்.

ஊர் திரும்பியபின் வீட்டு ஆசை முற்றியது. செய்தித்தாள் விளம்பரம் ஒன்றைக் கண்டு, மாஸ்கோவுக்குத் தெற்கே ஏறத்தாழ 70 கிலோமீட்டரில் மெலிகோவா என்ற பண்ணையை 1892இல் வாங்கினார். விலை 13,000 ரூபிள், பெரும்பகுதி கடன். 213 தெசியாத்தின், நம் கணக்கில் சுமார் 575 ஏக்கர். வாங்கும்போது நிலமெல்லாம் பனி மூடியிருந்தது. வேலி எது, வரப்பு எது என்பதெல்லாம் பனி உருகியபின்தான் தெரிந்தது. பண்ணையடிமையின் பேரன் பண்ணைக்காரரானார். கடை நொடித்து ஓடிவந்த தந்தைக்கு அங்கே ஓர் அறை. தாய்க்கு ஓர் அறை. காய்கறித் தோட்டம் தங்கை மாஷாவின் பொறுப்பு. செகாவ் குளம் வெட்டினார், ஆப்பிளும் செர்ரியும் நட்டார், ரோஜாவைக் கத்தரித்தார். 1893இல் வந்துசேர்ந்த குள்ளநாய் இரண்டுக்கும் ப்ரோம், கீனா என்று பெயர். புரோமின், குயினைன் என்ற மருந்துகளின் பெயர்கள் அவை. மருந்துப் பெட்டியிலிருந்து நாய்க்குப் பெயர் எடுத்தவர் தம் இருமலுக்கு மட்டும் எந்தப் பெயரும் சொல்லாமல் இருந்தார்.

வந்த முதற் கோடையிலேயே காலரா அச்சம் சூழ்ந்தது. 25 கிராமங்கள், 4 தொழிற்சாலைகள், ஒரு மடம் ஆகியவற்றுக்கு ஊதியம் வாங்காத மருத்துவராகப் பொறுப்பேற்றார். ஆகஸ்டு முதல் அக்டோபர் நடுவரையில் மட்டும் 500 நோயாளிகளைப் பதிவேட்டில் எழுதினார். கதை எழுதுவது ஏறத்தாழ நின்றுபோயிற்று. பின்னர் சுற்றுக் கிராமங்களில் 3 பள்ளிகள் கட்டுவித்தார். அவற்றின் கணக்குவழக்கையும் கல் மரம் வாங்குவதையும் தாமே கவனித்தார். தகன்ரோக் நூலகத்துக்குப் பெட்டி பெட்டியாக நூல்கள் அனுப்பினார். ஆசைப்பட்டுப் பெற்ற வீட்டில் விருந்தினர் கூட்டம் ஓயவில்லை. ஆதலால் 1894இல் தோட்டத்தின் நடுவே சிறியதொரு மனையைத் தமக்கென்று கட்டிக்கொண்டார். அதிலிருந்துதான் 1895இல் ‘கடற்பறவை’ நாடகத்தை எழுதினார். வீட்டுக்குள் இன்னொரு வீடு தேடிய கதை அது. எழுதுகிறவர்களுக்கு அதன் காரணம் சொல்லாமலே புரியும்.

1897 மார்ச்சில் மறைத்தது வெளிப்பட்டது. மாஸ்கோவில் பதிப்பாளர் சுவோரினுடன் உணவகத்தில் அமர்ந்தபோது வாயிலிருந்து இரத்தம் பெருகியது. பனிக்கட்டி வைத்தும் நிற்கவில்லை. பேராசிரியர் அஸ்த்ரவூமொவின் மருத்துவமனையில் சேர்த்தார்கள். அங்கே தங்கை மாஷா ஒரு தாளைக் கண்டார். நுரையீரல்களின் வடிவம் நீலப் பென்சிலால் வரையப்பட்டு, அவற்றின் மேற்பகுதி சிவப்பால் தீட்டப்பட்டிருந்தது. 12 ஆண்டுகள் அண்ணன் சொல்லாதிருந்ததை அந்தச் சிவப்பு சொல்லிவிட்டது. டால்ஸ்டாய் பார்க்க வந்தார். நோயாளி பேசக்கூடாது என்பது மருத்துவர் ஆணை. ஆன்மாவின் அழியாமை குறித்து நெடுநேரம் உரையாடல் நடந்தது. அன்றிரவே மீண்டும் இரத்தம். பெரியவர்கள் நோயாளியைக் காணச் செல்லும்போது எதைப் பேசுவது என்று எண்ணிப்பார்க்க இதுவும் ஒரு சான்று.

இனி வடக்கில் குளிர்காலம் கழிக்கக்கூடாது என்றார்கள். மெலிகோவாவுக்கு வந்து 5 ஆண்டுகளே ஆகியிருந்தன. நட்ட மரங்கள் அப்போதுதான் பலன் தரத் தொடங்கியிருக்கும். அந்தக் குளிர்காலத்தைப் பிரான்சின் நீஸ் நகரில் விடுதியறையில் கழித்தார். அடுத்த ஆண்டு கிரிமியாவின் யால்தாவில் இருந்தபோது, 1898 அக்டோபரில், தந்தை இறந்த செய்தி வந்தது. மெலிகோவாவின் அச்சாணி முறிந்தது. அந்த மாதமே யால்தாவை அடுத்த ஆவுத்கா கிராமத்தில் 4,000 ரூபிளுக்கு மனை வாங்கினார்.

தந்தையை அடக்கம் செய்துவிட்டு வந்த மாஷாவை அந்த மனையைக் காட்ட அழைத்துச் சென்றார். ஊரிலிருந்து தொலைவு. சரிவான நிலம், கைவிடப்பட்ட பழைய திராட்சைத் தோட்டம், ஒரு கட்டடமும் இல்லை. பக்கத்தில் தாத்தாரியர் இடுகாடு; அப்போது அங்கே ஓர் அடக்கமும் நடந்துகொண்டிருந்தது. தங்கையின் முகம் வாடியதைக் கண்டு அண்ணனும் வருந்தினார். ஆயினும் அன்று மாலையே இருவரும் தாளும் பென்சிலுமாக அமர்ந்து, எந்த அறை எங்கே வரும் என்று வரையத் தொடங்கிவிட்டார்கள். இறப்பின் பக்கத்து மனையில் இருந்துகொண்டு சாளரம் எத்திசை நோக்க வேண்டும் என்று ஆலோசித்த அந்த மாலைப்பொழுது, எனக்கு அவருடைய கதைகளில் ஒன்றாகவே படுகிறது.

கட்டடத்தை இளம் கலைஞர் ஷபவாலொவ் வடிவமைத்தார். பணத்துக்கு என்ன செய்வது? 1899 ஜனவரியில், நாடக உரிமத் தொகை நீங்கலாகத் தம் எழுத்துகள் அனைத்தின் உரிமையையும் மார்க்ஸ் என்ற பீட்டர்ஸ்பர்க் பதிப்பாளருக்கு 75,000 ரூபிளுக்கு விற்றார். இவர் பொதுவுடைமை அறிஞர் அல்லர். பெயர் மட்டுமே ஒற்றுமை. தொகை தவணையாகத்தான் வந்தது. மிகக் குறைந்த விலைக்குப் போய்விட்டதென்று கோர்க்கி முதலானோர் கொதித்தார்கள். உண்மையிலேயே பதிப்பாளர்தான் பெரும் பொருள் ஈட்டினார். ஆனால் எத்தனை ஆண்டு இருக்கப்போகிறோம் என்று மனத்துக்குள் கணக்கிட்டுவிட்ட ஒருவர், தாய்க்கும் தங்கைக்கும் ஒரு கூரையைக் கையோடு முடித்துத் தரவேண்டியிருந்தது. பேரம் பேசுவதற்கும் ஆயுள் வேண்டும். அதே ஆண்டில் மெலிகோவா விற்கப்பட்டது. இலையுதிர் காலத்தில் யால்தா வீட்டில் குடியேறினார்கள்.

வெள்ளை வீடு என்று ஊரார் அழைத்த அவ்வீடு அழகானது. குழாயில் தண்ணீர், தொலைபேசி, அகன்ற சாளரம், தொலைவில் கடல். ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒன்று பூத்துக்கொண்டேயிருக்கும்படி தோட்டத்தைத் திட்டமிட்டார். ரோஜா, சைப்ரஸ், தேவதாரு என்று தாமே நட்டு, செடிகளின் பெயர்களைக் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். நாய்களும் ஒரு கொக்கும் அவர் பின்னாலேயே நடந்தன. இருந்தும் அவர் விரும்பிய வீடு அதுவன்று. நோய் ஒதுக்கிக்கொடுத்த வீடு அது. வெயிலுக்கென்று வந்த ஊரில் குளிர்காலக் காற்று அறைக்குள் புகுந்தது, கணப்புகள் போதவில்லை. நண்பர் லெவித்தான், அவரும் நோயாளி, பார்க்க வந்தார். வடபுலத்து நிலக்காட்சியை எண்ணி ஏங்கிய செகாவுக்காக, நிலவொளியில் வைக்கோற்போர்கள் நிற்கும் வயலொன்றை வரைந்து கொடுத்தார். எழுதும் அறையின் கணப்பு மாடத்தில் அந்த ஓவியம் பதிக்கப்பட்டது. 1900இல் லெவித்தான் மறைந்தார். மெலிகோவாவைப் போன்றதொரு வயல், நிலவு மங்காமல், கணப்பின் மேலேயே தங்கிவிட்டது.

நோயாளிகள் ரஷ்யாவின் எல்லாத் திசைகளிலிருந்தும் யால்தாவுக்கு வந்தார்கள். கையில் காசில்லாத ஆசிரியர்களும் மாணவர்களும் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். காசநோயாளி என்றால் இடம் தர மறுத்த ஊரில், அவர்களுக்கு அறை தேடிக்கொடுப்பதும் அவர்களுக்கான இல்லத்துக்குப் பொருள் திரட்டுவதும் அவர் வேலையாயிற்று. ‘மூன்று சகோதரிகள்’ நாடகத்தில் மாஸ்கோவுக்குப் போக ஏங்குவோரைப் படைத்தவர் அந்த ஏக்கத்தை வெளியில் தேடவேண்டியிருக்கவில்லை. 1901 மே மாதம் மாஸ்கோ கலை அரங்கின் நடிகை ஒல்கா கினிப்பரை மணந்தார். தேனிலவு ஊஃபா மாநிலத்து மருத்துவ இல்லம் ஒன்றில். அங்கே குதிரைப் பாலைப் புளிக்கவைத்த குமிஸ்தான் மருந்து. பிறகு அவர் யால்தாவில், மனைவி மாஸ்கோ மேடையில். நூற்றுக்கணக்கான கடிதங்களில் ஒரு குடும்ப வாழ்க்கை நடந்தது.

1903இல் பழைய பேராசிரியர் அஸ்த்ரவூமொவ் மீண்டும் சோதித்துவிட்டு, யால்தா ஒத்துவராது, மாஸ்கோவுக்கு அருகில் குளிர்காலம் கழிக்கலாம் என்றார். எந்த வடக்கிலிருந்து அவரைப் பெயர்த்தார்களோ, அதே வடக்கு! இத்தனைக்கும் மெலிகோவா விற்று 4 ஆண்டுகள் ஆகிவிட்டன. கோபப்பட்டிருக்கலாம், செகாவ் வீடு பார்க்கத் தொடங்கிவிட்டார். 1904 ஜனவரி 17, அவருடைய பிறந்தநாளில், ‘செர்ரித் தோட்டம்’ அரங்கேறியது. வீடு ஏலம் போவதைப் பற்றிய நாடகம். மேடையில் நிற்க முடியாமல் இருமினார். அடுத்த மாதம் ஒல்காவுடன் மாஸ்கோவை அடுத்த ஸரீத்ஸினொவுக்குப் போய் ஒரு வீட்டைப் பார்த்துவந்தார். திரும்பும்போது ரயிலைத் தவறவிட்டு, உறைபனிக் குளிரில் குதிரை வண்டியில் நெடுந்தூரம் வந்தார்கள். மூச்சு வாங்கும் அந்நிலையிலும் அப்பயணம் அவரை மகிழ்வித்தது.

அந்த வீட்டை வாங்கவில்லை. ஜூன் மாதம் ஜெர்மனியின் பாடன்வைலர் என்ற சிற்றூருக்கு மருத்துவத்துக்காகச் சென்றார்கள். அங்கும் ஓரிடத்தில் நிற்கவில்லை. முதல் விடுதி பிடிக்கவில்லை, அடுத்த இல்லத்தில் வெயில் வரவில்லை, மூன்றாவதாக ஒரு விடுதியின் வெளிமாடத்தில் உட்கார்ந்து தெருவில் அஞ்சலகத்துக்கு வந்துபோவோரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடல்வழியாக யால்தா திரும்ப எந்தக் கப்பல், எந்த நாள் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். ஜூலை 2ஆம் நாள் விடியுமுன் உயிர் பிரிந்தது. உடலை ரயிலில் மாஸ்கோ கொண்டுவந்தார்கள். நோவொதேவிச்சி மடத்தில், தந்தையின் கல்லறைக்கருகே அடக்கம் செய்தார்கள்.

தங்கைக்கென்று 1901 ஆகஸ்டில் எழுதி ஒல்காவிடம் கொடுத்துவைத்திருந்த கடிதமே அவரது உயில். யால்தா வீடு மாஷாவுக்கு, கூர்சூஃப் கடலோரச் சிறுவீடு ஒல்காவுக்கு, எல்லோருக்கும் பிறகு மிஞ்சுவது தகன்ரோக் நகரின் கல்விப் பணிக்கு என்று அதில் எழுதியிருந்தார். வேறொரு வரியும் இருந்தது. மெலிகோவா உழவர்களுக்குச் சாலைச் செலவுக்காக 100 ரூபிள் தருவதாகச் சொல்லியிருக்கிறேன், அதைக் கொடுத்துவிட வேண்டும் என்ற பொருளில். மெலிகோவாவை விற்று இரண்டு ஆண்டுகள் கழித்து எழுதியது அது.

மாஷா திருமணம் செய்துகொள்ளவில்லை. உள்நாட்டுப் போரிலும், 1941 முதல் 1944 வரை ஜெர்மானியர் ஆட்சியிலும் யால்தா வீட்டைவிட்டு நகராமல், அண்ணன் எழுதிய மேசையையும் லெவித்தான் வரைந்த வயலையும் காத்து, 1957இல் 93 வயதில் மறைந்தார். மெலிகோவாவின் பெரிய வீடு கவனிப்பாரற்று அழிந்தது. இப்போது அங்கே நிற்பது பின்னர் பழைய வடிவில் எழுப்பியது. தோட்டத்து நடுவிலுள்ள அந்தச் சிறிய மனை மட்டும் அவர் கட்டியதாகவே இருக்கிறது.